பட்டணத்தை விட்டுப் போகலாமா?

'கெட்டும் பட்டணம் சேர்' என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. கைப்பொருளை இழந்தவனும் பட்டணம் சேர்ந்தால் பிழைத்துக்கொள்வான் என்பது அதன் கருத்து. பட்டணத்திற்கு வர இப்படி வழி சொன்னார்கள். பட்டணத்தை விட்டுப் போவது பற்றி எனக்கு ஒருவரும் வழி சொல்லித் தரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அந்த வழியை நானே தேட வேண்டியதாயிற்று. அப்போது நான் கற்றுக்கொண்டதையே இன்று உங்கள்முன் சொல்ல விரும்புகிறேன். வீடு மாறுவது பெரியவர்களின் கவலை, மாணவர்களாகிய நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் இல்லத்தில் இந்தப் பேச்சு எழும் நாளில் உங்கள் வாழ்வும் அந்தத் தராசில் ஏறியிருக்கும்.

சென்னைத் திருவல்லிக்கேணியில், இரண்டாம் மாடியில், வாடகை வீடு ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் குடியிருந்தோம். என் தாய், என் மனைவி, என் மகள், நான் ஆக நால்வர். எழும்பூரிலுள்ள என் அலுவலகத்திற்கு அரை மணி நேரப் பயணம். மகளின் கல்லூரிக்குக் கால் மணி நடை. மாலை வேளைகளில் அந்தத் தெருக் குழந்தைகள் என் மனைவியிடம் கணக்குக் கற்றுக்கொள்ள வருவார்கள். வாடகை ஆண்டுதோறும் ஏறி 18,000 ரூபாயைத் தொட்டபோதுதான், 'சற்று அப்பால் ஓர் ஊருக்குப் போய்விட்டால் என்ன?' என்னும் எண்ணம் எனக்கு உண்டாயிற்று.

முதலில் தாம்பரத்துப் பக்கம் பார்த்தேன். 1931-ஆம் ஆண்டில் கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர் அன்று முதல் பட்டணத்திற்கு அண்டை வீடாயிற்று. 1937-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரியே பட்டணத்தின் நெருக்கத்தை விட்டுத் தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தது. அமைதியை நாடி அங்கே சென்றவர்களைப் பட்டணமும் பின்தொடர்ந்து சென்றது. 2021-இல் தாம்பரம் தனி மாநகராட்சியாகவே ஆகிவிட்டது. புறநகர் என்பது ஓர் இடத்தின் பெயரன்று, ஒரு காலத்தின் பெயர் என்பதை அங்கே உணர்ந்தேன். இன்று விளிம்பாக இருப்பது நாளை நடுவாகிவிடும்.

தண்ணீரைப் பற்றியும் விசாரித்தேன். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் தாம்பரத்திற்கு மேற்கே முடிச்சூர்ப் பகுதியில் வீடுகளுக்குள் புகுந்தது. நான்கே ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில், சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜோலார்ப்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் வந்தது. ஆகவே, வீடு பார்க்கச் செல்பவர் இரண்டு கேள்விகளை மறவாமல் கேட்க வேண்டும். மழைக்காலத்தில் இந்தச் சுவரில் தண்ணீர் எதுவரை ஏறியது? கோடையில் கிணற்றில் தண்ணீர் எதுவரை இறங்கியது? வீட்டுக்காரரைவிட அடுத்த வீட்டுப் பாட்டியே இவற்றிற்கு உண்மையான விடை சொல்வார்.

இவ்வாறு விசாரித்துக்கொண்டே மேலும் தெற்கே சென்று செங்கற்பட்டை அடைந்தேன். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள்தொகை 46 இலட்சத்திற்கு மேல். செங்கற்பட்டு நகரில் ஏறத்தாழ 62 ஆயிரம். இரயிலடியை ஒட்டிக் கொளவாய் ஏரி பரந்து கிடக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி 1965 முதல் அங்கே இருக்கிறது. 2019 முதல் அந்நகர் தனி மாவட்டத்தின் தலைநகரும் ஆயிற்று. தரைத்தளத்தில், வாயிலில் வேப்பமரத்தோடு ஒரு வீடு 9,000 ரூபாய் வாடகைக்குக் கிடைத்தது. அன்றிரவே ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். இருவருக்கு இரயில் சீசன் சீட்டும் பிற செலவும் போக, மாதம் 7,500 ரூபாய் மிச்சமாகும். முடிவு செய்துவிட்டதாகவே எண்ணி, வீட்டாருக்கு அறிவித்தேன். அறிவித்தேன் என்ற சொல்லைக் கவனியுங்கள். நான் கேட்கவில்லை.

என் மகள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். "அப்பா, இதில் பணத்திற்கு ஒரு பத்தி இருக்கிறது, நேரத்திற்குப் பத்தி இல்லையே" என்றாள். அவளே ஒரு கோடு கிழித்து எழுதலானாள். இப்போது எனக்குப் போகவர ஒரு மணி. அங்கிருந்தாலோ வீட்டு வாயில் முதல் அலுவலக வாயில் வரை இரண்டு மணி, திரும்ப இரண்டு மணி. நாள் ஒன்றுக்கு மூன்று மணி கூடுதல். ஆண்டுக்கு 250 வேலை நாள் என்றால் 750 மணி. அதாவது, ஆண்டில் ஒரு முழு மாதம், இரவும் பகலுமாக, நான் இரயிலில் வாழ்வேன். கல்லூரி நாள்கள் சற்றுக் குறைவாயினும் அவளுக்கும் ஏறக்குறைய அவ்வளவே. இருவருக்கும் சேர்த்து மாதம் 125 மணி. 7,500 ரூபாயை 125-ஆல் வகுத்தாள். "மணிக்கு அறுபது ரூபாய்க்கு நம் நேரத்தை விற்கிறோம், அப்பா. விற்கலாம், ஆனால் விலை தெரிந்து விற்போம்" என்றாள்.

அப்போது என் மனைவி மெல்லக் கேட்டாள்: "என்னிடம் படிக்கும் பிள்ளைகள் செங்கற்பட்டுக்கா வருவார்கள்?" அவள் மாதந்தோறும் ஈட்டிய 4,000 ரூபாய் என் தாளில் இடம்பெறவே இல்லை. அதைக் கழித்தபோது மிச்சம் 3,500 ஆயிற்று. மணிக்கு அறுபது ரூபாய் இருபத்தெட்டாகச் சுருங்கிற்று. பணத்தைவிட அவள் இழக்கவிருந்தது பெரிது. அந்தத் தெருவில் அவளை 'டீச்சர்' என்று அழைக்காத குழந்தை இல்லை. அந்தப் பெயரை மூட்டை கட்டி லாரியில் ஏற்ற முடியாது.

வெட்கத்தோடு தாளை மடித்தேன். "அப்படியானால் போக வேண்டாம்" என்றேன். அதுவரை பேசாதிருந்த என் தாய், "என்னை ஒருவரும் கேட்கவில்லையே, அப்பா!" என்றார். எழுபத்தெட்டு வயது அவருக்கு. முழங்கால் வலியால் அந்த இரண்டு மாடியை இறங்கி ஏறி ஏழு மாதம் ஆகியிருந்தது. அவ்வூரை விட்டு வர அவருக்கு மனம் வராது என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். "கோயில் அருகில்தான் இருக்கிறது, மணியோசைதான் எனக்கு எட்டுகிறது. தரையில் கால் வைத்து நடக்கும்படியான வீடு எந்த ஊரில் இருந்தாலும் எனக்குச் சம்மதம்" என்றார்.

இலண்டனில் எபனேசர் ஹோவர்டு என்றொருவர் இருந்தார். சுருக்கெழுத்து எழுதுவது அவர் தொழில். 1898-இல் அவர் வெளியிட்ட நூலில் மூன்று காந்தங்களின் படம் ஒன்று உண்டு. ஒன்று நகரம், மற்றொன்று நாட்டுப்புறம், மூன்றாவது இரண்டின் நன்மைகளும் கூடிய தோட்ட நகரம். நடுவே மக்கள். அவர்கள் எந்தப் பக்கம் இழுக்கப்படுவார்கள் என்பது அவர் எழுப்பிய வினா. 32,000 பேர் வாழ்வதற்கு அவர் திட்டமிட்ட அந்த நகரில் வீடு மட்டும் போதாது. தொழிலும் அங்கேயே இருக்க வேண்டும். இரவில் உறங்குவதற்கு மட்டும் ஓர் ஊர் என்பது அவர் கருத்தன்று. 1903-இல் லெட்ச்வொர்த் என்னும் நகர் அவர் எண்ணப்படி உருவாகத் தொடங்கியது. அந்தப் படத்தை என் வீட்டில் வைத்துப் பார்த்தேன். மக்கள் என்று அவர் ஒரே சொல்லாக எழுதிய இடத்தில் எங்கள் வீட்டில் நான்கு பேர் நின்றோம். நால்வரையும் காந்தம் ஒரே பக்கம் இழுக்கவில்லை.

சிலப்பதிகாரத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். பொருள் இழந்த கோவலன் மதுரைக்குப் போவதென்று துணிகிறான். விடியுமுன்னே புறப்பட்டுவிடுகிறார்கள். 'வருகிறாயா?' என்று அவன் கண்ணகியைக் கேட்டுக் காத்திருக்கவில்லை. சிறிது தொலைவு நடந்ததுமே அடி வருந்திய கண்ணகி, மதுரை எங்கே இருக்கிறது என்று வினவுகிறாள். முப்பது காதம் இருக்க, அண்மையில்தான் என்கிறான் அவன். முடிவு செய்பவர் அளக்கும் தூரம் வேறு. நடப்பவர் அளக்கும் தூரம் வேறு. என் தாளில் நானும் செங்கற்பட்டை அண்மை என்றே எழுதியிருந்தேன்.

ஒரு வாரம் பேசினோம். பிறகு நாங்கள் செங்கற்பட்டுக்கே சென்றோம். என் கணக்கு வென்றதனால் அன்று. என் தாயின் கால்கள் தரையைத் தொட வேண்டும் என்பதற்காகவே சென்றோம். என் மகள் அதற்கு இசைந்தாள். ஆனால் சில நிபந்தனைகள் விதித்தாள். ஆய்வுக்கூட வேலையால் அவளுக்கு நேரமாகும் நாள்களில் நான் எழும்பூரில் காத்திருந்து உடன் வர வேண்டும். காலை நான்கரை மணிக்கு எழுந்து அடுக்களை வேலையில் பாதியை நான் செய்ய வேண்டும். மனைவிக்காக முன் அறை முழுவதையும் பாடம் நடத்த ஒதுக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் உடன்பட்டேன். தூரம் ஒரு முழமும் குறையவில்லை. ஆனால் அதை நால்வரும் பங்கிட்டுக்கொண்டோம்.

எல்லாம் இனிதே முடிந்தது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. முதல் ஆண்டில் என் மனைவியிடம் மூன்று குழந்தைகளே படிக்க வந்தார்கள். இரயில் நெரிசலில் நின்றபடியே என் மகள் தேர்வுக்குப் படித்தாள். இன்றும் சில மாலைகளில் திருவல்லிக்கேணியின் பெயரை எடுத்தால் என் மனைவி பேச்சை மாற்றிவிடுகிறாள். ஆயினும், மாலை வெயில் தணிந்ததும் என் தாய் தாமாகவே எழுந்து, சுவரைப் பற்றிக்கொண்டு, வேப்பமரத்தடி வரை நடந்து போகிறார். பத்து அடி தூரந்தான். எங்கள் நால்வரின் பயணமும் சேர்ந்து வாங்கித் தந்த தூரம் அது.

மாணவ நண்பர்களே, பட்டணம் நல்லதா, சிறிய நகரம் நல்லதா என்று என்னைக் கேட்டால் பொதுவாக ஒரு விடை நான் சொல்லமாட்டேன். உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எழும்போது ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு அருகில் அமருங்கள். பணத்திற்கு ஒரு பத்தி போடுங்கள். நேரத்திற்கு ஒரு பத்தி போடுங்கள். பிறகு வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, அவரவரிடமே கேட்டு நிரப்புங்கள். மூலையில் பேசாமல் உட்கார்ந்திருப்பவரின் பெயரை முதலில் எழுதுங்கள்.