சிரிப்பைத் தந்த துணிவு

பேசாப் படக் காலத்தில் அமெரிக்காவில் மேபல் நார்மண்ட் என்னும் நகைச்சுவை நடிகை புகழ் பெற்று விளங்கினார். 1914ஆம் ஆண்டிலேயே தாம் நடித்த படங்கள் சிலவற்றைத் தாமே இயக்கினார். சார்லி சாப்ளினும் அவற்றில் நடித்ததுண்டு. ஆயினும் உலகம் சாப்ளினை நினைக்கும் அளவுக்கு அவரை நினைப்பதில்லை.

தமிழகத்தில், பேசும் படம் வந்தபின், அத்தகைய நடிகையாக விளங்கியவர் டி. ஏ. மதுரம். 1935இல் ‘இரத்னாவளி’யில் தோன்றியவர், 1936இல் வெளிவந்த ‘வசந்தசேனா’ முதல் என். எஸ். கிருஷ்ணனோடு இணைந்து நடித்தார், அவரையே மணந்தார். கணவருக்கு மறுமொழி கூறும் எளிய வேடந்தானே என்று எண்ணிவிடலாகாது. வினாவுக்கும் விடைக்கும் நடுவே எத்துணைப் பொழுது வாய் மூடி நிற்பது என்று அறிதலே நகைச்சுவையின் உயிர். பேசாப் படம் கற்பித்த அப்பாடம் மதுரத்திற்கு இயல்பாகவே கைவந்தது.

1944ஆம் ஆண்டின் இறுதியில், இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கிருஷ்ணன் சிறைப்பட்டார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1947இல் அவர் விடுதலையாகும் வரை, எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடக சபையை நடத்தி வந்தவர் மதுரமே. வீட்டில் துயரம், மேடையிலோ பிறரைச் சிரிக்க வைக்கும் கடமை!

மாணவர்களே, அடுத்த முறை அவர்தம் படத்தைக் காணுங்கால், கிருஷ்ணன் பேசும்போது மதுரத்தின் முகத்தையும் சற்றே நோக்குங்கள். சிரிப்பில் பாதி அங்கே பிறப்பதைக் காண்பீர்கள்.