செவிலியர் மேற்படிப்பும் குடும்பக் கணக்கும்



மாதுங்காவிலும், கரோல் பாக்கிலும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டைச் சுற்றிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களில், செவிலியர் பணியை மேற்கொண்ட பெண்மக்கள் பலர் உளர். நான்காண்டு பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, மருத்துவமனையில் ஓராண்டு பணி செய்ததும், எம்.எஸ்ஸி. படிப்பில் சேரும் தகுதி அவர்களுக்கு வந்துவிடுகின்றது. வீட்டிலும் அந்தப் பேச்சு எழுகின்றது. கல்லூரிக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பதே நாம் முதலில் கேட்கும் கேள்வி. ஆனால் கட்டணம் இச்செலவின் ஒரு பகுதியே. பல குடும்பங்களில் அது சிறிய பகுதியுங்கூட.

இழக்கப்போகும் ஊதியத்தை முதலில் எண்ணிப் பார்ப்போம். 2016-ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணையில், மத்திய அரசு மருத்துவமனைச் செவிலியருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் ரூ. 44,900 என வகுக்கப்பட்டது. அத்தகைய பணியை விட்டு இரண்டாண்டு படிக்கச் செல்பவர், படிகள் நீங்கலாகவே ரூ. 10,77,600-ஐ இழக்கின்றார். பணிமூப்பும் உடன் போகின்றது. தனியார் மருத்துவமனைகளில் ஊதியம் இதனினும் பெரிதும் குறைவாதலால் இழப்பும் குறைவே; ஆயினும் அச்சிறு ஊதியத்தை நம்பித்தான் வீட்டு வாடகையும் தம்பியின் பள்ளிச் செலவும் நடைபெறுகின்றன எனின், அதனைச் சிறிதென்று சொல்வதற்கில்லை.

கடன் வாங்கிப் படிப்போர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டுவதில்லை என்று வங்கியார் கூறுவர். அது மெய்யே. ஆனால் வட்டி உறங்குவதில்லை. ஐந்து இலட்சம் ரூபாய்க்கு ஆண்டு வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொண்டால், மூன்றாண்டுகளில் தனிவட்டியே ஒன்றரை இலட்சம் ஆகிவிடும்.

இவ்வளவும் கொடுத்துப் பெறும் பட்டம் எந்தக் கதவைத் திறக்கின்றது? இங்கேதான் நம்மவர் பலர் தடுமாறுகின்றனர். தில்லி எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களில் செவிலியர் அலுவலர் பதவிக்கு பி.எஸ்ஸி. பட்டமே போதும், டிப்ளமோ படித்தவர்களும் இரண்டாண்டு அனுபவத்துடன் விண்ணப்பிக்கலாம். எம்.எஸ்ஸி. பட்டத்துடன் அதே பதவியில் சேருபவருக்கும் தொடக்க ஊதியம் அதுவேதான். நோயாளியின் படுக்கையருகே நின்று பணி செய்வதையே விரும்பும் பெண்ணுக்கு, ஊதிய உயர்வை மட்டும் கருதி எம்.எஸ்ஸி. படிக்கச் சொல்வது நமக்குச் சரியாகத் தோன்றவில்லை. வெளிநாடு செல்ல எண்ணுவோருக்கும் பணி அனுபவமும் ஆங்கிலத் தேர்வுமே முன்னே நிற்பவை.

கற்பிக்கும் தொழிலை நாடுவோர் நிலை வேறு. நர்சிங் கல்லூரியில் விரிவுரையாளராக உயர இப்பட்டம் இன்றியமையாதது. நம் நாட்டில் இம்முதுகலைப் படிப்பு 1959-இல் தில்லியில் தொடங்கப்பெற்றபோதே, ஆசிரியர்களையும் நிர்வாகிகளையும் உருவாக்குதல் அதன் முதன்மையான நோக்கமாக இருந்தது. எனினும் தனியார் கல்லூரி ஆசிரியைக்கு, பெரிய மருத்துவமனைச் செவிலியரைவிடக் குறைந்த ஊதியம் கிடைப்பதும் உண்டு. சேரும் முன் அங்கே பணிபுரியும் ஒருவரை நேரில் கேட்டறிதல் நலம்.

தமிழகத்திற்கு வெளியே வாழும் நமக்கு இருப்பிடச் சான்று என்ற தொல்லையும் இருக்கின்றது. பிறந்து வளர்ந்தது ஒரு மாநிலம், பெற்றோரின் ஊர் வேறொரு மாநிலம் என்றால், இரண்டிலுமே அரசு ஒதுக்கீட்டு இடம் எட்டாமற் போகலாம். அகில இந்திய நுழைவுத் தேர்வின் வழியே மாணவரைச் சேர்க்கும் எய்ம்ஸ், புதுச்சேரி ஜிப்மர் போன்றவற்றில் இத்தடை இல்லை, கட்டணமும் சொற்பம். இடங்களோ மிகச் சில. ஆயினும் ஓராண்டு காத்திருந்து, வேலையிலிருந்துகொண்டே அத்தேர்வுக்குப் படிப்பது, பெருங்கட்டணம் கட்டி உடனே ஓரிடத்தில் சேர்வதைவிட மேலானது என்பது நம் கருத்து. வேறு மாநிலத்திற்குப் படிக்கச் செல்வோர், அங்குள்ள நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டுமா, பழைய கவுன்சிலின் தடையின்மைச் சான்று வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மத்திய அரசுப் பணியில் உள்ளோருக்கு மற்றொரு வழியும் உண்டு. பலர் அதனை அறிவதில்லை. ஐந்தாண்டுப் பணி முடித்தவர் படிப்பு விடுப்புக் கோரலாம். பணிக்காலம் முழுவதிலும் இருபத்து நான்கு மாதங்கள் வரை அவ்விடுப்புக்கு இடமுண்டு. உள்நாட்டில் படிப்பவர் அக்காலத்தில் ஊதியமும் பெறுவர். இது உரிமையன்று, மேலதிகாரியின் அனுமதி வேண்டும். திரும்பி வந்து குறித்த காலம் பணியாற்றுவதாக எழுதிக் கொடுக்கவும் வேண்டும்.

தனியார் மருத்துவமனை சிலவும் தம் செலவில் படிக்க வைக்கின்றன. அங்கும் ஒப்பந்தம் உண்டு. எத்தனை ஆண்டு பணி, இடையில் திருமணமாகி வேறு ஊர் செல்ல நேர்ந்தால் எவ்வளவு திருப்பிக் கட்டுவது, மூலச் சான்றிதழ்கள் யாரிடம் இருக்கும் ஆகியவற்றைக் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் பெற்றுவிட வேண்டும்.