பழம்பெருமை பேசும்போது நாவைப் பேணுவோம்

(அறக்கட்டளையின் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

அறக்கட்டளை கூட்டம் என்றால் கல்வி உதவி, மருத்துவ உதவி, ஜகாத் கணக்கு என்று பேசுவது நம் வழக்கம். இன்று நாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சரியாகச் சொன்னால், கைப்பேசியில் தட்டச்சு செய்யும் விரலைப் பற்றி. காரணம் இருக்கிறது. சமாதானம் செய்து வைக்கக் கேட்டு நம்மிடம் வருகிறவர்கள் முன்பெல்லாம் சொத்துத் தகராறு, கணவன் மனைவி பிரச்சினை என்று வருவார்கள். இப்போது வாட்ஸ்அப் குழுவில் எழுதிய ஒரு வரியால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களும் வருகின்றன. நிக்காஹ் பத்திரிகை ஒரு வீட்டுக்குப் போகாமல் நிற்கிறது. ஜனாஸாவில் இரண்டு பேர் முகம் கொடுக்காமல் நிற்கிறார்கள்.

இந்தச் சண்டைகள் எங்கே தொடங்குகின்றன என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். பிறை விஷயத்திலோ தராவீஹ் ரக்அத் எண்ணிக்கையிலோ தொடங்குபவை சில. பல சண்டைகள் இனிப்பாகத் தொடங்குகின்றன. ஒருவர் பழைய கால்பந்து அணியின் புகைப்படத்தைப் போடுவார். "அந்தக் காலத்து ஆட்டமே தனி" என்பார் ஒரு காக்கா. "எங்கள் தெரு அணியை ஜெயிக்க ஆள் கிடையாது" என்பார் இன்னொருவர். "நடுவராக நின்றது உங்கள் வாப்பாதானே, எப்படித் தோற்பீர்கள்?" என்று மூன்றாமவர் எழுதுவார். அவர் விளையாட்டாகத்தான் எழுதியிருப்பார். ஆனால் வாப்பா மவ்த்தாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்கு மேல் அது கால்பந்துப் பேச்சு அல்ல.

பழைய நினைவு எப்படிச் சண்டையாகும் என்பதை மதீனாவின் வரலாறு நமக்குக் காட்டுகிறது. அவ்ஸ், கஸ்ரஜ் என்னும் இரு கோத்திரங்களும் ஹிஜ்ரத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன் புஆஸ் என்ற இடத்தில் கடுமையாகப் போரிட்டவர்கள். இஸ்லாத்தை ஏற்றபின் ஒரே சபையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒற்றுமையைப் பொறுக்காத ஒருவர், அந்தச் சபைக்கு ஓர் இளைஞனை அனுப்பினார் என்று இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். அவன் யாரையும் திட்டவில்லை. புஆஸ் போரை நினைவூட்டி, அன்று இரு தரப்பும் பாடிய கவிதைகளைச் சொன்னான், அவ்வளவுதான். ஒருவர் பெருமை பேசினார், மற்றவர் பதில் சொன்னார், இறுதியில் ஆயுதத்தை எடுங்கள் என்ற கூக்குரல் எழுந்தது. நபி (ஸல்) அவர்கள் விரைந்து வந்து, தாம் அவர்கள் நடுவே இருக்கும்போதே ஜாஹிலிய்யத்தின் அழைப்பா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் அவர்கள் தெளிந்தார்கள். அழுதார்கள். ஒருவரையொருவர் கட்டித் தழுவிக்கொண்டார்கள். பிரிந்துவிடாமல் அல்லாஹ்வின் கயிற்றைப் பற்றிப் பிடிக்கச் சொல்லும் ஆலஇம்ரான் அத்தியாய வசனங்களை இந்நிகழ்ச்சியோடு முஃபஸ்ஸிர்கள் இணைத்துச் சொல்வார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, அங்கே இருந்தவர்கள் ஸஹாபாக்கள் என்பது. அவர்களையே பழம்பெருமை அந்த அளவுக்கு இழுத்தது என்றால் நாம் எம்மாத்திரம்?

வாப்பாவை இழுக்கும் பழக்கத்துக்கும் ஒரு ஹதீஸ் இருக்கிறது. பெற்றோரைத் திட்டுவது பெரும் பாவங்களில் மிகப் பெரியது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, ஒருவன் தன் பெற்றோரைத் திட்டுவானா என்று தோழர்கள் கேட்டார்கள். இவன் மற்றவனின் தந்தையைத் திட்டுகிறான், அவன் திருப்பி இவனுடைய தந்தையைத் திட்டுகிறான் என்று விளக்கினார்கள். அதாவது, நாம் அனுப்பிய வசவு ஒரு சுற்று சுற்றி நம் வாப்பாவிடமே வந்து சேர்கிறது. அனுப்பியவர் நாம்தான்.

வசவைத் தாங்குவதற்கு அமெரிக்காவின் பேஸ்பால் விளையாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. நமக்குக் கிரிக்கெட் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. தாத்தா பார்த்த ஆட்டத்தைப் பேரன் பேசுவான். பழைய வீரர்களில் யார் பெரியவர் என்று இன்றும் வாதாடுவார்கள். ஆனால் அவர்கள் பொற்காலம் என்று கொண்டாடும் பல பத்தாண்டுகள், கறுப்பின வீரர் ஒருவர்கூட மேஜர் லீக்கில் ஆட முடியாத காலம். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக ஜாக்கி ராபின்சன் களமிறங்கித்தான் அந்தக் கதவு திறந்தது.

அதற்கு முன், 1945 ஆகஸ்டில், அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி அவரை அழைத்து உட்காரவைத்து, களத்தில் என்னென்ன வசவு வருமோ அத்தனையையும் தானே நடித்துக் காட்டினார். திருப்பி அடிக்காமல் இருக்கும் துணிச்சல் உள்ள ஆள் எனக்கு வேண்டும் என்பது ரிக்கியின் நிபந்தனை. ராபின்சன் ஒப்புக்கொண்டார். முதல் ஆண்டிலேயே எதிரணி மேலாளர் ஒருவர் ஆட்டம் முழுக்க இனவெறிச் சொற்களை வீசினார். ராபின்சன் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார். ஆத்திரப்பட்டு எழுந்து நின்றது அவருடைய வெள்ளையினச் சக வீரர்கள். சில ஆண்டுகளுக்குப் பிறகு, தன் இடம் உறுதியானதும், அநீதியை வாய்திறந்து கண்டித்தார். 1997-ல் அவருடைய 42 என்ற எண்ணை எல்லா மேஜர் லீக் அணிகளும் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று.

இன்னொருவர் ஜோஷ் கிப்சன். கறுப்பினத்தவருக்கென்று தனியாக இருந்த லீக்குகளின் மாபெரும் ஆட்டக்காரர். 1947 ஜனவரியில், கதவு திறக்க மூன்று மாதம் இருக்கும்போது, 35 வயதில் இறந்துபோனார். 2024-ல்தான் அந்த லீக்குகளின் கணக்கு அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. உடனே வாழ்நாள் பேட்டிங் சராசரியில் .372 என்ற எண்ணோடு கிப்சன் முதலிடத்துக்கு வந்துவிட்டார். யார் பெரியவர் என்று அத்தனை காலம் அடித்துக்கொண்டவர்கள் கையில் இருந்தது பாதிப் பட்டியல்தான்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. "அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகள் எவ்வளவு அடக்கமாக இருந்தார்கள்" என்று குழுவில் ஒரு மாமா எழுதுகிறார். எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திய ஒரு சகோதரி அதே குழுவில் அதைப் படிக்கிறார். மாமாவுக்கு அது நினைவு, சகோதரிக்கு அது காயம். பழைய காலத்தைப் புகழ்வது தவறல்ல. அப்போது கதவுக்கு வெளியே நின்றவர் யார் என்று ஒரு கணம் யோசித்துவிட்டு எழுதினால் போதும்.

வசவின் வலி நமக்குத் தெரியாததல்ல. 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் இந்தியா பாகிஸ்தானிடம் தோற்றபோது, அணியில் பதினொரு பேர் ஆடியிருக்க, முஹம்மது ஷமியின் மீது மட்டும் மதத்தைச் சொல்லி வசவு பாய்ந்தது. சில நாட்களில் கேப்டன் விராட் கோலி வெளிப்படையாக அதைக் கண்டித்தார். அன்று நாம் எல்லோரும் வேதனைப்பட்டோம். அதே விரலால், நம் சகோதரன் ஒருவனை அவனுடைய இயக்கத்தையோ தெருவையோ தொழிலையோ சொல்லி இழிவுபடுத்தினால், நாம் பட்ட வேதனைக்கு என்ன பொருள்? கேலி செய்வதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-வது வசனம் பெயர் சொல்லித் தடுத்திருக்கிறது.

கருத்து வேறுபாடே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பனூ குறைழாவை நோக்கிப் புறப்பட்ட ஸஹாபாக்களுக்கு, அங்கே போய்த்தான் அஸர் தொழ வேண்டும் என்ற கட்டளை இருந்தது. வழியில் நேரம் வந்துவிட்டது. சிலர் வழியிலேயே தொழுதார்கள், சிலர் போய்ச் சேர்ந்த பின் தொழுதார்கள். நபி (ஸல்) அவர்கள் இரு சாராரில் எவரையும் கடிந்துகொள்ளவில்லை. தொழுகை விஷயத்திலேயே இப்படி இடம் இருந்திருக்கிறது.

அதே நேரம், மரியாதை என்ற பெயரில் கேள்வி கேட்பவர் வாயை அடைப்பதும் சரியல்ல. அநீதி இழைக்கப்பட்டவர் பேசுவதற்கு அந்நிஸா அத்தியாயத்தின் 148-வது வசனம் இடம் தருகிறது. ஜமாஅத் கணக்கைக் கேட்கலாம். நம் அறக்கட்டளையின் கணக்கையும் கேட்கலாம், கேட்க வேண்டும். "ரசீது எங்கே?" என்பது கேள்வி. "தின்றுவிட்டீர்களா?" என்பது வசவு. இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டைத்தான் பேணச் சொல்கிறோம். சட்டமும் அந்தக் கோட்டைப் பார்க்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவின்படி அவதூறு குற்றம். கோபத்தில் எழுதியதை நாம் அழித்தாலும், அதற்குள் எடுத்த ஸ்கிரீன்ஷாட் அழியாது.

இனி, எல்லாக் குடும்பங்களும் கடைப்பிடிக்கச் சில வழிகள்:

1. கோபம் வந்தால், நிற்பவர் உட்காரட்டும் என்பது நபிவழி. கைப்பேசி உள்ளவர் அதைக் கீழே வைக்கட்டும். இஷாவுக்குப் பின் வந்த கோபத்துக்குப் பதில் ஃபஜ்ருக்குப் பின் எழுதலாம்.

2. ஒருவரின் தவறைத் திருத்த வேண்டுமானால் குழுவில் வேண்டாம். தனியாகச் சொல்லுங்கள். எழுதுவதைவிடத் தொலைபேசி நல்லது, அதைவிட வீட்டுக்கே போய் ஸலாம் சொல்வது நல்லது.

3. வந்த செய்தியை விசாரிக்காமல் பரப்ப வேண்டாம். வாட்ஸ்அப் நிறுவனமே 2018-ல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-வது வசனம் என்றோ நமக்குக் கட்டளையிட்டுவிட்டது.

4. சபையில் பேசியது அமானிதம். ஒரு குழுவில் எழுதியதைப் படமெடுத்து இன்னொரு குழுவில் போடாதீர்கள்.

5. குழு நிர்வாகிகள் நடுநிலை காக்க வேண்டும். இரு தரப்பும் வரம்பு மீறினால் இரு தரப்பு வசவையும் நீக்குங்கள், சொந்தக்காரரின் வசவை மட்டும் விட்டுவைக்காதீர்கள். சூடு அதிகமானால், நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி அன்றிரவு மாற்றிவையுங்கள்.

6. சண்டை வந்துவிட்டால் மூன்று நாளுக்கு மேல் பேசாமல் இருப்பது ஆகுமானதல்ல. முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்பது ஹதீஸ். யார் தவறு என்ற கணக்கை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நிறைவாக, அறக்கட்டளைக்காரர்களான எங்களை அதிகம் நடுங்கவைக்கும் ஒரு ஹதீஸ். திவாலானவன் யார் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். காசும் பொருளும் இல்லாதவன் என்று தோழர்கள் சொன்னார்கள். மறுமையில் தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு வந்தும், ஒருவரைத் திட்டியதற்கும் இன்னொருவர் மீது அவதூறு சொன்னதற்கும் அந்த நன்மைகளை எடுத்துக் கொடுத்துத் தீர்ந்துபோனவனே திவாலானவன் என்று விளக்கினார்கள். ரமழானில் கணக்குப் பார்த்து நீங்கள் கொடுக்கும் ஜகாத்தை ஒரு ரூபாய் சிந்தாமல் உரியவர் கையில் சேர்க்க நாங்கள் பாடுபடுகிறோம். அதன் நன்மையை ஒரு நள்ளிரவுச் செய்தியில் நீங்கள் இழந்துவிடக் கூடாது என்பதே எங்கள் கவலை.

இந்தக் கூட்டம் முடிந்து வீடு திரும்பியதும் யாராவது ஒருவருக்கு, பேச்சு நின்றுபோன ஒருவருக்கு, ஸலாம் அனுப்புங்கள். பழைய புகைப்படங்களையும் தாராளமாகப் போடுங்கள். அந்தப் படத்தில் இருக்கும் எல்லோருக்கும், இல்லாதவர்களுக்கும் துஆ செய்து போடுங்கள்.

அல்லாஹு தஆலா நம் நாவுகளையும் விரல்களையும் பேணி, உள்ளங்களை ஒன்று சேர்த்து வைப்பானாக. ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும்.