முதல்ல அனுப்பினது யாரு?

இன்னைக்குக் கொஞ்சம் கனமான விஷயம்.

2018 மே மாசம், போளூர் பக்கத்துல கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியை, பிள்ளை பிடிக்க வந்தவங்கன்னு நினைச்சு ஒரு கும்பல் அடிச்சே கொன்னுடுச்சு. அப்போ பிள்ளை பிடிக்கிறவங்க பத்தின வதந்தி வாட்ஸ்அப்ல பரவிக்கிட்டு இருந்தது. அதை முதல்ல அனுப்பினது யாரு? இந்திய அரசும் வாட்ஸ்அப்பும் மோதுறது இந்தக் கேள்வியில்தான்.

2019-ல இது சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ஒவ்வொரு மெசேஜோடவும் முதல்ல அனுப்பினவரோட அடையாளத்தையும் சேர்த்து அனுப்பலாம், என்கிரிப்ஷனை உடைக்க வேண்டியதில்லைன்னு ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் காமகோடி சொன்னார். அந்த அடையாளத்தைப் போலியா மாத்திடலாமேன்னு ஐ.ஐ.டி. பம்பாய் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் மறுத்தார்.

2021 பிப்ரவரியில் புது ஐ.டி. விதிகள் வந்தன. 50 லட்சம் பயனர்களுக்கு மேல இருக்கிற மெசேஜிங் ஆப், கடுமையான குற்றங்கள்ல நீதிமன்றமோ அரசோ உத்தரவு போட்டா, முதல்ல அனுப்பினவரைக் காட்டணும். மே மாசமே வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயிடுச்சு. எந்த மெசேஜைக் கேப்பாங்கன்னு முன்கூட்டியே தெரியாது, அதனால எல்லார் மெசேஜுக்கும் தடம் வைக்க வேண்டியிருக்கும்ங்கறது அவங்க வாதம். என்கிரிப்ஷனை உடைக்கச் சொன்னா வாட்ஸ்அப் இங்கிருந்து போயிடும்னு 2024 ஏப்ரல்ல அவங்க வக்கீல் கோர்ட்லயே சொன்னார்.

அந்த விதியில பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கு. மெசேஜ் வெளிநாட்டுல பிறந்திருந்தா, இந்தியாவுக்குள்ள முதல்ல அனுப்பினவரே 'முதல் நபர்'. துபாய் மாமா அனுப்பினதை நீங்க ஃபேமிலி குரூப்ல தட்டி விட்டா, அந்த முதல் நபர் நீங்களாகவே இருக்கலாம்!

அதுக்காக வாட்ஸ்அப்பை நம்ம காவல் தெய்வம்னு நான் சொல்ல மாட்டேன். நம்ம தகவலை மெட்டாவோட மத்த நிறுவனங்களுக்குப் பகிர்ற 2021 கொள்கைக்காக, 2024 நவம்பர்ல இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு ரூ.213 கோடி அபராதம் போட்டது. நீதிமன்றத்துல அந்தரங்க உரிமை பேசுறதும் இதே நிறுவனம்தான்.

என் கருத்து? 2018 ஜூலையில, ஒரே நேரத்துல 5 சாட்டுகளுக்கு மேல ஃபார்வர்டு பண்ண முடியாதுன்னு வாட்ஸ்அப் இந்தியாவுல ஒரு கட்டுப்பாடு கொண்டு வந்தது. யாரோட மெசேஜையும் திறக்காமலே வேகத்தைக் குறைக்கிற வழி அது. எனக்கு அந்தத் திசைதான் சரின்னு படுது. ஆனா அந்த மூதாட்டியோட குடும்பம் "யாரு அனுப்பினது?"ன்னு கேட்டா, என்கிட்ட பதில் இல்லை. அதையும் சொல்லிட்டுத்தான் முடிக்கணும்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.