படத்தோடு பெயரையும் காப்போம்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கள்ளிக்குப்பத்து வீடுகளின் சுவர்களிலும் டிரங்குப் பெட்டிகளிலும் உள்ள பழைய நிழற்படங்களைத் திரட்டி, இணையதளத்தில் ஏற்ற இளைஞர்கள் விரும்புகின்றனர். நற்பணி. ஆயினும் படத்தை மட்டும் காப்பது பாதி வேலையே ஆகும்.

1868 முதல் 1875 வரை ஆங்கிலேய அரசு 'இந்திய மக்கள்' என்னும் நிழற்படத் தொகுப்பை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டது. பெரும்பாலான படங்களின் கீழ் சாதிப் பெயரோ குலப் பெயரோதான் உண்டு. நின்ற மனிதரின் பெயர் இல்லை. முகம் பிழைத்தது, ஆள் மறைந்தார். அக்குறை நம் கையால் நேரலாகாது.

தரவுத்தளம் என்பது பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு போன்றது. பதிவேட்டில் பிள்ளைக்கு ஒரு வரி. இதில் படத்திற்கு ஒரு வரி. படத்தையே தரவுத்தளத்தினுள் வைப்பது ஒரு முறை. படமும் விவரமும் பிரியா. ஆனால் படங்கள் பெருகப் பெருகத் தளம் பருத்து, நகலெடுப்பது கடினமாகும். படத்தைத் தனிக் கோப்பாக வைத்து, அது இருக்கும் இடத்தை மட்டும் தரவுத்தளத்தில் எழுதுவது மற்றொரு முறை. பல்லாயிரம் படங்களுக்கு இதுவே ஏற்றது. எனினும், கோப்பின் பெயரை ஒருவர் மாற்றினால் தொடர்பு அறுந்துவிடும். ஆகவே ஒவ்வொரு படத்திற்கும் மாறாத எண் ஒன்று இடுக. அந்த எண்ணையே கோப்பின் பெயராக்குக.

அந்த எண்ணுக்கு நேரே ஆண்டு, இடம், நிகழ்ச்சி, இடமிருந்து வலமாக நிற்போர் பெயர், படம் தந்த குடும்பம், அவர்களது இசைவு ஆகியவற்றை எழுதுக. இசைவில்லாத படத்தைப் பொதுவில் காட்டலாகாது. பெரிய அளவு மூலப்படத்தைத் தனியே காத்து, சிறிய படியைத் தளத்தில் இடுக. கோப்புகளையும் தரவுத்தளத்தையும் சேர்த்தே நகலெடுத்து, ஒரு நகலை வேற்றூரில் வைக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட நமக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

இளைஞர்களே! கணினி எப்போதும் கிடைக்கும். அந்த முகங்களை அடையாளம் சொல்லக்கூடிய பாட்டிமார் எப்போதும் இருக்கமாட்டார்கள். முதலில் அவர்கள் அருகே அமர்ந்து பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். பிறகு கணினியைத் திறங்கள்.