கணக்கு முடிந்தது, கழிவுநீர் நின்றதா?

(அம்பத்தூர்ப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



டெல்லியிலிருந்து பணம் வருகிறது. வந்த பணத்துக்குப் பள்ளம் தோண்டப்படுகிறது, பள்ளத்திலே குழாய் புதைகிறது, பள்ளம் மூடப்படுகிறது. மூடிய கையோடு ஒரு தாள் டெல்லிக்குப் பறக்கிறது. அந்தத் தாளுக்குப் 'பயன்பாட்டுச் சான்றிதழ்' என்று பெயர்! யாரோ பயனடைந்தார்கள் என்று சாட்சி சொல்வதுபோல் இருக்கிறதல்லவா? இல்லை தோழர்களே, இல்லை! ஒதுக்கிய காரியத்துக்கே பணம் செலவாயிற்று என்பதற்குத்தான் அது சான்று. வீட்டுக் கழிவுநீர் அந்தக் குழாயில் இறங்கிற்றா என்று கேட்டால், தாள் வாய் திறவாது.

நான் நாடகம் போடுகிறவன். திரைச்சீலைக்கு இவ்வளவு, விளக்குக்கு இவ்வளவு, முகப்பூச்சுக்கு இவ்வளவு என்று கணக்கெழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு, 'முடிந்தது, வீட்டுக்குப் போங்கள்' என்று நான் சொன்னால், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்கள் என்னைச் சும்மா விடுவார்களா?

இந்தக் கேள்வி நாட்டுக்குப் புதிதன்று. 1952 அக்டோபர் 2 ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் 55 இடங்களில் தொடங்கிற்று. அமெரிக்க உதவிப் பணம் அதிலே இருந்தது. பயிற்சிக்கு ஃபோர்டு அறநிலையம் நன்கொடை தந்தது. விளைவை ஆராய்ந்து கூறத் தனி அமைப்பொன்றையும் அதே ஆண்டில் நிறுவினார்கள். மாற்றார் செய்ததாயினும் அது நல்ல முன்யோசனை, பாராட்டுவோம். ஆனால் 1957 இல் பல்வந்தராய் மேத்தா குழு கண்டதென்ன? திட்டம் மக்களின் சொந்த முயற்சியைத் தட்டியெழுப்பவில்லை என்பதே! மக்கள் தேர்ந்தெடுத்த மன்றங்களிடம் பொறுப்பைக் கொடு என்றது குழு.

கொடுத்தார்களா? 2005 டிசம்பரில் வந்ததே, ஜவகர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம், அதைப் பாருங்கள். 40 லட்சம் பேருக்கு மேல் வாழும் பெருநகர்ப் பகுதிக்கு மத்திய அரசு தந்தது நூற்றுக்கு 35, மாநிலம் 15, எஞ்சிய 50 உள்ளாட்சி மன்றத்தின் தலையிலே! பாரத்தில் பாதி ஊராருக்கு. படிவம் வகுக்கும் அதிகாரம் டெல்லியாருக்கு! தணிக்கைத் துறைத் தலைவர் 2012 இல் தந்த அறிக்கை சொல்கிறது: ஒப்புதல் பெற்ற 2,815 பணிகளில், 2011 மார்ச் வரை முடிந்தவை 253. பத்திலே ஒன்றுகூட இல்லை! முடிந்தவற்றால் யாருக்கு என்ன பயன் என்பது, அதற்கும் அப்பாலுள்ள கேள்வி.

அந்தத் திட்டத்தில்தான் அம்பத்தூருக்குப் பாதாளச் சாக்கடைப் பணி வந்தது. பணியைக் கேட்டு வாங்கிய நகராட்சியோ 2011 இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்து, ஏழாம் மண்டலமாயிற்று. கையெழுத்திட்ட மன்றமே இல்லை. யாரைப் போய்க் கேட்பது?

ஏரியைக் கேளுங்கள்! இரயிலில் வந்த தோழர்கள் கொரட்டூர் ஏரியைப் பார்த்திருப்பீர்கள். மழைநீர் வரவேண்டிய வாய்க்காலில் கழிவுநீரும் ஆலைக்கழிவும் வந்து சேர்வதைப் பொறுக்காமல், ஊர்மக்கள் பசுமைத் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டினார்கள். புதைத்த குழாய் இத்தனை கிலோமீட்டர் என்று தாள் பேசலாம். ஏரி வேறு கதை பேசுகிறதே!

மேடையேறுமுன் ஒரு தோழர் என் காதோடு சொன்னார்: "அண்ணே, இதைக் கிளறினால் நம்மவர்களுக்கும் சங்கடமாகுமே." ஆகட்டும்! அந்தத் திட்டக் காலத்தில் கோட்டையிலே இரு தரப்பாரும்தான் மாறி மாறி அமர்ந்தார்கள். நம் வீட்டுக் கணக்கைப் பாராதவன், அடுத்த வீட்டுக் கணக்கைக் கேட்க எந்த முகத்தோடு போவான்?

ஆகவே, வருகிற ஞாயிறன்று கிளைத் தோழர்கள் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகத்தோடு தெருவில் இறங்குங்கள். கொடி வேண்டாம், கோஷம் வேண்டாம். உங்கள் வீடு குழாயோடு இணைந்திருக்கிறதா? இணைப்புக்கு என்ன கொடுத்தீர்கள்? கழிவுநீர் லாரிக்கு இன்னும் பணம் தருகிறீர்களா? மழை நாளில் சாக்கடை மூடியைத் தள்ளிக்கொண்டு நீர் பொங்குகிறதா? கேட்டு, அந்த வீட்டம்மையார் சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள். நம் கட்சிக்காரர் வீடென்று எவர் வாசலையும் தாண்டிப் போகாதீர்கள். தெருவாரியாகத் தொகுத்து, ஒரு படி மண்டல அலுவலகத்துக்கு, ஒரு படி வட்ட உறுப்பினருக்கு, மூன்றாவது படி இந்த மேடைக்கு.

அடுத்த கூட்டத்திலே அதைப் படிக்கப்போகிறவன் நான்தான். காலை ஏழு மணிக்கு ஏரிக்கரைத் தெருக்களிலிருந்து தொடங்குங்கள்.