சந்தையில் தொடங்கும் குர்பானி

 

இன்று வெள்ளிக்கிழமை. நமக்கு ஜும்ஆ நாள். செஞ்சிக்கு வாரச்சந்தை நாள். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிவிட்டதால் ஆட்டு வியாபாரம் மும்முரமாக இருக்கிறது. நம் மண்டகப்பட்டுப் பக்கம் சாலையோரம் சற்று நின்று பாருங்கள். நான்கு கால்களும் சேர்த்துக் கட்டப்பட்டு, இரு சக்கர வாகனத்தில் தலை தொங்கியபடி ஆடுகள் போகும். அவற்றுள் சில குர்பானிக்கு உரியவை. குர்பானி ஓர் இபாதத். அந்த இபாதத் கத்தியை எடுக்கும்போதுதான் தொடங்குகிறதா, கயிற்றைக் கையில் வாங்கும்போதே தொடங்கிவிடுகிறதா?

ஊர்வனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று சூரா அல்அன்ஆமின் 38ஆம் வசனம் அறிவிக்கிறது. நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ‘உம்மத்’ என்ற சொல்லின் பன்மையே அங்கு வந்துள்ளது. அறுக்கும்போதும் அழகிய முறையைக் கைக்கொள்ளுமாறும், கத்தியைத் தீட்டிக்கொண்டு பிராணிக்கு எளிதாக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள் (முஸ்லிம்). பட்டினி போட்டு வேலை வாங்கப்பட்ட ஓர் ஒட்டகம் அவர்களைக் கண்டு கண்ணீர் விட்டபோது, அதன் உரிமையாளரான அன்ஸாரி இளைஞரை அழைத்துக் கண்டித்தார்கள் (அபூதாவூத்).

ஹிஜ்ரி 660இல் (கி.பி. 1262) வஃபாத்தான இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதன் மீது கால்நடைகளுக்குள்ள உரிமைகளையே வகைப்படுத்தி எழுதினார்கள். முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போனாலும் தீனி போட வேண்டும். சக்திக்கு மீறிச் சுமத்தக்கூடாது. குட்டிகளை அதன் கண்முன் அறுக்கக்கூடாது. நன்கு கவனியுங்கள்: இவை சலுகைகள் அல்ல, ‘ஹக்கு’கள்!

தீனி போடாதவனைக் காழி கட்டாயப்படுத்தலாமா? ஷாஃபிஈ இமாம்கள், ‘ஆம்’ என்பர்: தீனி போடு, அல்லது விற்றுவிடு, உண்ணத்தக்கதாயின் அறுத்துவிடு. ஹனஃபி மத்ஹபின் பிரபலமான கருத்தில் காழி கட்டாயப்படுத்தமாட்டார். அல்லாஹ்விடம் மட்டும் அவன் பொறுப்பாளி. இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் இதில் மாறுபட்டார்கள். ‘அப்படியானால் தப்பித்தோம்’ என்று நம்மில் சிலர் எண்ணலாம். காழியிடம் போகாத வழக்கு யாரிடம் போகிறது என்பதை அவர்கள் யோசிக்கட்டும்.

1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், மார்க்க முறைப்படி அறுப்பதை 28ஆம் பிரிவில் குற்றத்திலிருந்து விலக்கியுள்ளது. வதைத்து ஏற்றிச் செல்வதற்கு அந்த விலக்கு இல்லை. 11ஆம் பிரிவு அதைக் குற்றமென்கிறது. நம் குர்பானியைக் குறை சொல்வோர்க்கு நாம் ஆத்திரத்தோடு பதில் சொல்கிறோம். ஆனால் அவர்கள் காட்டும் காட்சிகளில் பாதி, நாம் சாலையில் நடத்திக் காட்டுபவை.

பிறரை மட்டும் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஓர் ஆட்டை அப்படித்தான் கட்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் அவிழ்த்துவிட்டபோது அதனால் நிற்க இயலவில்லை. தண்ணீர் வைத்தேன்; குடிக்கவில்லை. அந்தக் குர்பானி கபூலாயிற்றா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அடுத்த வெள்ளி சந்தைக்குப் போவோர் சேர்ந்து ஒரு சிறு வண்டியை வாடகைக்கு அமர்த்துங்கள். அடியில் வைக்கோல் பரப்புங்கள், குடிக்கத் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். வாடகையில் என் பங்கைத் தொழுகை முடிந்ததும் தந்துவிடுகிறேன்.